விலை வரைபடம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: கேள்வி பதில்

கேள்வி: ஆர்எஸ்ஐ (ஒப்பீட்டு வலிமைக் குறியீடு) 70-ஐத் தாண்டியதும் பங்கை விற்றுவிட்டேன். அதன் பிறகும் விலை வாரக்கணக்கில் ஏறியது. கருவி பொய்யா?

பதில்: கருவி பொய் சொல்லவில்லை, அது சொல்லாத ஒன்றை நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட இக்கணக்கு, வழக்கமாகக் கடைசி 14 நாட்களின் சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தோடு ஒப்பிட்டு, 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாகத் தருகிறது. 70 என்றால் ஏற்றம் இறக்கத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேல் என்றே பொருள். விலை ஓர் எல்லைக்குள் மேலும் கீழுமாக உலவும் காலத்தில் அது விற்பதற்கான குறிப்பாகப் பயன்படலாம். வலுவான ஏற்றப் போக்கிலோ அந்த எண் நெடுநாள் 70-க்கு மேலேயே நிற்கும். ஆகவே முதலில் போக்கு உண்டா இல்லையா என்று பாருங்கள். போக்கின் வலிமையை அளக்க வைல்டரே தந்த ஏடிஎக்ஸ் என்னும் எண் அதற்குத்தான். 25-க்கு மேல் இருந்தால் போக்கு வலுவானது என்பது வழக்கமான அளவுகோல். ஏற்றப் போக்கில் விற்க வேண்டுமானால், விலை தன் முந்தைய தாழ்வை உடைக்கும்வரை காத்திருப்பேன்.

கேள்வி: ஸ்டாப்லாஸை (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் நட்டத்தை நிறுத்த விற்கும் ஆணையை) வாங்கிய விலைக்கு 5 விழுக்காடு கீழே வைத்தால் போதுமா?

பதில்: நாள்தோறும் 4 விழுக்காடு ஆடும் பங்குக்கும் 1 விழுக்காடு ஆடும் பங்குக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? எந்த விலையில் உங்கள் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வீர்களோ, பெரும்பாலும் ஆதரவு நிலைக்கு (இறங்கும் விலை முன்பு நின்று திரும்பிய இடத்துக்கு) சற்றுக் கீழே, அங்கே வையுங்கள். எத்தனை பங்கு வாங்குவது என்பதை அதன் பிறகே முடிவு செய்யுங்கள். உங்கள் மொத்த முதலீடு 1,00,000, ஒரு வர்த்தகத்தில் இழக்கத் துணிவது அதில் 1 விழுக்காடு, வாங்கும் விலை 200, ஸ்டாப்லாஸ் 180 எனில், 1,000-ஐ 20-ஆல் வகுக்க வருவது 50 பங்குகள். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். விலை இடைவெளிவிட்டுக் கீழே திறந்தால் ஸ்டாப்லாஸ் குறித்த விலையில் விற்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஏறக்கூடிய ஒரு பங்கைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏறிய விலை எவ்வளவு திரும்ப இறங்கும் என்று கணிக்க வரையும் ஃபிபனாச்சி அளவுகளில் 50 விழுக்காடு ஏன் அத்தனை முக்கியம்?

பதில்: அது ஃபிபனாச்சி எண்வரிசையிலிருந்து வந்ததே அன்று. 38.2-உம் 61.8-உம் வந்தவை, 50 பழக்கத்தால் சேர்ந்துகொண்டது.

கேள்வி: ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே வந்துவிட்டது, வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைத் தலைகீழாகப் படியுங்கள். ஸ்டாப்லாஸ் எங்கே என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய விலைகளில் உள்ள செய்தி முழுவதும் இன்றைய விலையில் அடங்கிவிட்டது என்று பொருளியலாளர் யூஜின் ஃபாமா போன்றோர் வாதிட்டிருக்கையில், வரைபடம் பார்த்து விலையைக் கணிப்பது சோதிடம்தானே?

பதில்: இக்கேள்வியை மதிக்கிறேன். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான விலைகளில் நகரும் சராசரி (கடைசிச் சில நாட்களின் சராசரி விலை), எல்லை உடைப்பு (விலை தன் பழைய எல்லையைத் தாண்டுவது) ஆகிய எளிய விதிகளைச் சோதித்த பிராக், லகோனிஷோக், லெபரான் மூவரும், அவ்விதிகளுக்குக் கணிக்கும் திறன் இருந்ததாக 1992-இல் எழுதினர். ஆனால் ஆயிரக்கணக்கான விதிகளைச் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே சிறந்து தோன்றும். அதைக் கருத்தில் கொண்டு சலிவன், டிம்மர்மன், வைட் ஆகியோர் 1999-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பழைய காலத்தில் தேறிய சிறந்த விதி அடுத்த பத்தாண்டில் தேறவில்லை. ஆகவே சோதிடம் என்று தள்ளவும் மாட்டேன். ஒருமுறை பலித்த விதி எப்போதும் பலிக்கும் என்போரை நம்பவும் மாட்டேன்.

கேள்வி: இதற்கு மறுப்பு. எல்லோரும் ஒரே 200 நாள் சராசரியைப் பார்ப்பதாலேயே விலை அங்கே திரும்புகிறது. அப்படியானால் அது தானே பலிக்கும் அல்லவா?

பதில்: பாதிதான் சரி. எல்லோரும் அங்கே வாங்கக் காத்திருந்தால், முந்திக்கொள்ள நினைப்பவர் அதற்குச் சற்று மேலேயே வாங்குவார். அவரை முந்த இன்னொருவர் வருவார். கோடு மங்கிவிடும். இன்னொரு பக்கம், அக்கோட்டுக்குக் கீழே குவிந்த ஸ்டாப்லாஸ்கள் ஒருசேர இயங்கினால் சரிவு வேகம் பிடிக்கும். கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை வரைபடம் காட்டக்கூடும். எப்பக்கம் ஓடும் என்பதைக் காட்டாது.

கேள்வி: அந்த ஒரு பங்கின் பெயர் மட்டுமாவது?

பதில்: மூன்றாம் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: நான் வைத்திருக்கும் பங்கு வரைபடத்தில் ஒரே நாளில் பாதியாக விழுந்திருக்கிறது, செய்தி எதுவும் இல்லை. விற்றுவிடவா?

பதில்: பங்கு பிரிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஒன்று இரண்டாகப் பிரிந்தால் விலை பாதியாகும், உங்கள் கையிருப்பு இரட்டிக்கும், மதிப்பு மாறாது. பிரிப்புக்கு ஏற்பத் திருத்திய விலைகளை வைத்து வரைபடத்தைப் புதிதாக எடுங்கள். பழைய ஸ்டாப்லாஸ் விலையையும் அதே விகிதத்தில் அன்றே மாற்றிவிடுங்கள்.