கரண்டு கூடினால் காசு கூடுமா?

கேள்வி: அதிக மின்சாரம் செலவழிக்கும் நாடுதான் வளர்ந்த நாடு என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் பேரன். அப்புறம் எங்களை மட்டும் ஏன் சிக்கனம் பிடிக்கச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பேரன் சொல்வது பாதி சரி, அம்மா. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட்; அமெரிக்காவில் 12,000-க்கும் மேல். கரண்டே இல்லாமல் மேலே வந்த நாடு இன்று கிடையாது. நம் நீலகிரி மலையையே பாருங்களேன். 1932-ல் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்தில் இறங்கி டர்பைனைச் சுற்றியது. கோவையில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. தண்ணீர் நம்முடையது, வளர்ச்சி அவர்களுடையதா என்று இங்கே முணுமுணுப்பவர்கள் உண்டு. பருத்தியும் முதலும் ஆளும் சந்தையும் அங்கேதானே இருந்தன? வெறும் கரண்டை வைத்து என்ன நூற்க முடியும்?

மீதிப் பாதிக்கு ஐஸ்லாந்து. அங்கே தலைக்கு 50,000 யூனிட்டுக்கு மேல். அமெரிக்கரைவிட நாலு மடங்கு பணக்காரர்களா? இல்லை. பெரும்பகுதியை அலுமினிய உருக்காலைகள் விழுங்கிவிடுகின்றன. பிரிட்டனோ 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து எரிசக்திப் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. ரொம்பவும் மெச்சிவிட வேண்டாம். அவர்கள் உடுத்தும் சட்டை வங்கதேசத்தில் தைத்தது, அதற்கான கரண்டு வங்கதேசத்தின் கணக்கில்தான் ஏறும்.

சிக்கனத்துக்கு வருகிறேன். நான் மெயின்டனன்ஸ் பார்த்த தேயிலை ஃபேக்டரியில், மழை நாளில் நனைந்த இலை வந்து இறங்கும். அந்த ஈரத்தைப் போக்க, இலையை வாட்டும் தொட்டியில் ஃபேன் விடிய விடிய ஓடும், ட்ரையருக்கு விறகு கூடுதலாகப் போகும். தூள் ஒரு கிலோகூட அதிகம் வராது! 1973-ல் எண்ணெய் விலை எகிறியபோது ஜப்பானியர் இந்த மாதிரிச் செலவைத்தான் குறிவைத்தார்கள். ஆலையில் வீணாகும் சூட்டைப் பிடித்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு சரக்கு வந்தது என்று பேரனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: குளிருக்கு இரவு முழுக்க ஹீட்டர் போடுகிறேன். நானும் நாட்டை வளர்க்கிறேனா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: நீங்கள் கட்டும் பில் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும், சார், சந்தேகமில்லை. முதலில் குளிர் நுழையும் ஜன்னல் இடுக்கை அடைத்துவிடுங்கள்.