சட்ட ஆலோசனை: பழைய ரோலெக்ஸ், புதுப் பூச்சு

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தைப்பூசம் முடிந்த கையோடு, முகநூலில் விளம்பரம் பார்த்து, ஈப்போ ஆள் ஒருவரிடம் 1980களின் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16014 ஒன்றை 13,800 வெள்ளிக்கு வாங்கினேன். ‘டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்) எதுவும் மாற்றியதில்லை, ஃபுல் சர்வீஸ் முடிந்து இரண்டு மாதம்தான்’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினார். கோயிலில் பழகியவர், மருமகனுக்கும் தெரிந்தவர், முருகன் மேல் சத்தியம் செய்தார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் ஐயா. மூன்றே மாதத்தில் நாளுக்கு நாலைந்து நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. இங்குள்ள கடிகாரக் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, டயல் மறுபூச்சு, பெசல் வெள்ளைத் தங்கமே இல்லை, உள்ளே எண்ணெய் காய்ந்து பல வருடம் என்கிறார். ‘நல்ல முதலீடு, விலை ஏறும்’ என்று விற்றவர், இப்போது நான் திறந்ததால்தான் கெட்டது என்கிறார். 3,500 வெள்ளி தருகிறேன், கடிகாரத்தை உங்கள் மாமனாரே வைத்துக்கொள்ளட்டும் என்று மருமகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு முழுப் பணம் வேண்டும். அவர் படத்தை முகநூலில் போடட்டுமா, போலீசுக்குப் போகட்டுமா?

பதில்: சத்தியம், கோயில் பழக்கம், மருமகன் முகம் இவற்றை ஓரமாக வையுங்கள். ‘விலை ஏறும்’ என்றதையும் மறந்துவிடுங்கள். விலை ஏறாததற்காக யார் மீதும் வழக்குப் போட முடியாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: பணம் கைமாறும் முன் அவர் புலனத்தில் எழுதிய அந்த வரி. டயலும் முள்ளும் பெசலும் மாற்றவில்லை, சர்வீஸ் இரண்டு மாதத்துக்கு முன். இது பொருளைப் பற்றிய விவரணை. விவரணைப்படி விற்ற பொருள் விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு. விற்றவர் கடைக்காரராக இல்லாமல் தனியாளாக இருந்தாலும் அது அவரைக் கட்டும்.

‘தரம் சரியில்லை’ என்ற வாதத்தை முன்னால் வைக்காதீர்கள். தரத்தைப் பற்றிய 16-வது பிரிவு, அந்த வகைப் பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்மீதுதான் பாயும். வாங்கியவர் பொருளைப் பார்த்துத்தான் வாங்கினார் என்றால், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அங்கே பாதுகாப்பும் இல்லை. நீங்கள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான். விவரணையைப் பிடித்து நின்றால் அந்தக் கேள்விக்கு வலு குறைந்துவிடும்.

அடுத்து, அவர் வியாபாரியா? எங்கே வழக்குப் போடுவது என்பது இதைப் பொறுத்தது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவரிடம்தான் செல்லும். அவருடைய முகநூல் பக்கத்தில் வேறு கடிகாரங்கள் விற்பனைக்கு இருக்கின்றனவா? பணம் எந்தப் பெயருள்ள கணக்குக்குப் போனது? அந்தப் பெயரில் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) ஏதாவது பதிவு உண்டா? இந்த மூன்றும் கையில் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் போதும். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை, தேவையும் இல்லை. படிவம் 1-இல் கோரிக்கையை எழுதி, ஐந்து வெள்ளிக் கட்டணம் கட்டினால் போதும். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அவர் எழுதி வைத்திருந்தாலும், அந்தச் சட்டம் தரும் உரிமையை அது தட்டிவிடாது. அவர் தனியாள்தான் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 1957 சட்டம்.

உங்களைப் போன்றவர்கள் தோற்பது சட்டம் எதிராக இருப்பதால் அல்ல, சாட்சியைத் தாங்களே கெடுத்துக்கொள்வதால். கடிதத்தைப் படித்தால் நீங்களும் அதே குழியில் ஒரு கால் வைத்துவிட்டீர்கள்.

கடிகாரத்தைத் திறந்தாயிற்று. ‘உன் ஆள் திறந்து டயலை மாற்றிவிட்டான், பெசலைக் கழற்றி எடுத்துக்கொண்டான்’ என்று அவர் சொன்னால் என்ன காட்டுவீர்கள்? இன்றே அந்தக் கடைக்காரரிடம் போய் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியில் திறந்தார், கொண்டுவந்தபோது எப்படி இருந்தது, எதைக் கழற்றினார், எதைத் தொடவே இல்லை. கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். பின்மூடியின் உட்புறத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் செய்த கைவினைஞர்கள் அங்கே ஊசியால் தேதியோ குறியோ கீறி வைப்பது வழக்கம். ஐந்தாறு கீறல் இருந்து, அவற்றில் எதுவும் அண்மையில் போட்டதாகத் தெரியவில்லை என்றால் ‘இரண்டு மாதத்துக்கு முன் சர்வீஸ்’ என்ற பேச்சு ஆட்டம் காணும். ஆனால் கீறல் இல்லாததை மட்டும் வைத்து வாதாட முடியாது, எல்லோரும் கீறுவதில்லை.

ஆகவே உங்கள் பலம் டயலில் இருப்பதாக நினைக்காதீர்கள், சர்வீஸில் இருக்கிறது. டயல் மறுபூச்சா இல்லையா என்பது நிபுணர் கருத்து. அவர் பக்கமும் ஒரு நிபுணர் வருவார். சர்வீஸ் அப்படியல்ல. யார் செய்தது, பில் எங்கே? இந்த ஒரு கேள்விக்குத் தடுமாறுபவரிடம் தீர்ப்பாயத்துக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்காது. அறிக்கையில் ‘காய்ந்த எண்ணெய்’ என்ற சொற்கள் கட்டாயம் வர வேண்டும். நீங்கள் கீழே போட்டதால் பின்தங்குகிறது என்று அவர் சொல்லலாம். விழுந்ததால் எண்ணெய் காய்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. முழுச் சாவி கொடுத்த நிலையில், டைம்கிராஃபரில் (கடிகார ஓட்டத்தை அளக்கும் கருவி) ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு), பீட் எரர் (டிக்-டாக் இடைவெளி வேறுபாடு) இரண்டையும் டயல் மேலே பார்த்தபடியும் கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) கீழே இருக்கும்படியும் அச்சில் எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். நல்ல சர்வீஸ் கண்ட இயந்திரம் டயல் மேலே இருக்கும் நிலையில் பொதுவாக 270 பாகைக்கு மேல் ஆடும். 200-க்குக் கீழே வந்தால் ஐந்து மாதத்துக்கு முன் சர்வீஸ் என்பது எடுபடாது. கருவியில் லிஃப்ட் ஆங்கிளை (இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் ஒரு கோண அளவு) தவறாக வைத்தால் எண்ணே மாறிவிடும், அதையும் குறிக்கச் சொல்லுங்கள். பெசலுக்குப் பொற்கொல்லரிடம் ஒரு சோதனை போதும். இந்த மாதிரியில் நெளிவு வெட்டுள்ள பெசல் 18 காரட் வெள்ளைத் தங்கம். எஃகாக இருந்தால் அது இந்த மாதிரிக்கு உரிய பெசலே அல்ல. முடிந்தால் வேறு ஊரில் இன்னொருவரிடமும் காட்டி இரண்டாவது அறிக்கை வாங்குங்கள். முதலில் திறந்தவரே சாட்சியாகவும் இருந்தால் அவர் சொல் எடுபடுவது கடினம்.

விளம்பரப் படங்களை இப்போதே இறக்கி வையுங்கள். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, நிமிடக் கோடுகள் அவற்றுக்கு நேரே உள்ள குறிகளோடு ஒட்டாமல் விலகி நிற்பதும், எழுத்து தடித்திருப்பதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டயல் விற்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பதற்கு அவர் போட்ட படமே சாட்சி. புலன உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெயர் மட்டும் போதாது, எண் தெரிய வேண்டும். மறையும் செய்தி வசதியை அவர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். உரையாடல் இருக்கும் கைப்பேசியை மாற்றாதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்கவும் வேண்டாம்.

இன்று முதல் அந்தக் கடிகாரத்தைக் கட்டாதீர்கள். ‘இவ்வளவு கொடுத்தேனே’ என்று குறை தெரிந்தபின்னும் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய், அந்தப் படத்தை முகநூலில் போட்டு, அதையே எதிர்த்தரப்பு அச்செடுத்துக் கொண்டுவருவது எங்கள் ஊர்களில் சர்வ சாதாரணம். பொருளை ஏற்றுக்கொண்டதாக அது காட்டப்படும். ஏற்றுக்கொண்டபின் 1957 சட்டத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய் நட்ட ஈடு மட்டும் மிஞ்சும். பயனீட்டாளர் சட்டத்திலும் நியாயமான காலத்துக்குள் மறுத்திருக்க வேண்டும். ஆகவே இந்த வாரமே எழுத்தில் ஒரு மறுப்பு: இன்ன விவரணை, இன்ன குறை, கடிகாரம் பையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு 13,800-ஐத் தாருங்கள். பதிவுத் தபாலிலும் புலனத்திலும் அனுப்புங்கள். போலீஸ் என்ற சொல் அதில் வர வேண்டாம். ‘பணம் தராவிட்டால் போலீஸ்’ என்று எழுதுபவரை மிரட்டுகிறார் என்று திருப்பிவிடுவது மிகச் சுலபம். தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவில் (ஏமாற்று) புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். மறுபூச்சு என்று தெரியாமல் அவரே வேறு ஒருவரிடம் ஏமாந்து வாங்கியிருக்கலாம். அப்போது போலீஸ் ‘இது சிவில்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

முகநூலில் படத்தைப் போடாதீர்கள். போட்ட அன்றே நீங்கள் வாதியிலிருந்து பிரதிவாதியாகிவிடுவீர்கள். அவதூறு ஒரு பக்கம், 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவு ஒரு பக்கம். தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளியில் முடிய வேண்டியது வக்கீல் கட்டணத்தில் போய் முடியும். கடிகாரத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிடும் யோசனையும் வேண்டாம். இப்போது எல்லாம் தெரிந்திருந்தும் ‘ஒரிஜினல்’ என்று விற்றால் 420 உங்கள் மீது வரும்.

ரோலெக்ஸ் சேவை மையத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கலாமா என்று தோன்றும். தொழிற்சாலை டயல் இல்லாத கடிகாரத்துக்கு டயலை மாற்றினால்தான் சர்வீஸ் என்பார்கள். நீங்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால் சாட்சியே போய்விடும், பழைய பாகம் திரும்பி வராமல் போகலாம். மதிப்பீடு மட்டும் எழுத்தில் வாங்கி, வேலை எதுவும் செய்யாமல் எடுத்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. எனக்கு எழுதியதில் ‘முதலீடு’ என்ற பேச்சு வருகிறது. தீர்ப்பாயத்துக்கு எழுதும்போது அதை விட்டுவிடுங்கள். மறுவிற்பனைத் தொழிலுக்காக வாங்கியவர் அந்தச் சட்டத்தில் பயனீட்டாளரே அல்ல என்று எதிர்த்தரப்பு கிளம்பும். நீங்கள் கையில் கட்ட வாங்கினீர்கள் என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள்.

இனி 3,500. கோபத்தில் தூக்கி எறியாதீர்கள், அப்படியே வாங்கவும் வேண்டாம். ஈப்போவில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று என இரண்டு பழைய கடிகாரக் கடைகளில், டயலையும் பெசலையும் பற்றி உண்மையைச் சொல்லி, ‘இப்போதுள்ளபடி என்ன கொடுப்பீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். 9,000 என்று வைத்தால் உங்கள் நட்டம் 4,800. கடை வாங்கும் விலை விற்கும் விலையைவிடக் குறைவு என்பதால் தீர்ப்பாயம் அதைவிடச் சிறிய தொகைக்கும் வரலாம். பின்தங்கும் கடிகாரத்தைச் சர்வீஸ் செய்யும் செலவு தனி. அப்படியானால் 5,500 கேளுங்கள், 4,500-க்குக் கையெழுத்துப் போடுங்கள். முழுப் பணத்துக்காக நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான்: அவர் பதிவுள்ள வியாபாரி, சர்வீஸ் பில் இல்லை, உங்கள் மறுப்புக் கடிதம் இந்த வாரம் போய்விட்டது. மூன்றும் சேர்ந்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். தீர்ப்புத் தொகையை 14 நாளில் கட்டாதது அங்கே குற்றம் என்பதால் வசூல் சுலபம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சமரசம்தான் என் அறிவுரை.

சமரசம் என்றால் மருமகன் வாய்வழி அல்ல. தொகை, தேதி, கடிகாரத்தின் வரிசை எண், ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது’ என்ற வரி, இருவர் கையெழுத்து. வரிசை எண்ணைப் படிக்கப் பட்டையைக் கழற்ற வேண்டும், 6 மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவில் இருக்கும். அது தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் சமரசப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள், திருட்டுப் பொருளாக இருக்கலாம். எண் சரியாக இருந்து, கடிகாரத்தை அவருக்கே திருப்பிக் கொடுப்பதாக முடிவானால், பணம் உங்கள் கணக்கில் ஏறியபின்தான் அது உங்கள் கையைவிட்டுப் போக வேண்டும். ‘கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்றால் பார்க்கட்டும், உங்கள் மேசையிலேயே.