அந்தக்கால இங்கிலாந்தில் பாட்டும் கேலியுமாக நடந்த ‘மியூசிக் ஹால்’ மேடைகளில் ஆண் வேடமிட்டுப் பாடிய பெண்களைப் பார்வையாளர்கள் ஆண் என்றே நம்பினார்களா?

இல்லை. மேடையில் நிற்பது பெண்தான் என்று டிக்கெட் வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். ரசனையே அதில்தான் இருந்தது.

வெஸ்டா டில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1864-இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவர்; சிறுமியாக இருந்தபோதே கால்சட்டை போட்டு மேடையேறிவிட்டார். உடை விஷயத்தில் படு கறார். உள்ளாடைகூட ஆண்களுடையதுதான். நீண்ட கூந்தலை வெட்டவில்லை. மெல்லிய பின்னல்களாகப் பின்னி, தலையோடு ஒட்டிச் சுற்றி, மேலே விக் வைத்துக்கொள்வார். ஆனால் பாடும்போது குரலை மாற்றமாட்டார், பெண் குரலிலேயே பாடுவார். தோற்றம் அச்சு அசல் ஆண், குரல் பெண். அந்த இடைவெளியில்தான் கேலி பிறந்தது: காசில்லாமல் மிடுக்குக் காட்டும் குமாஸ்தா, வெட்டிப் பந்தா பண்ணும் பணக்கார வீட்டுப் பிள்ளை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; ஆண்களோ அவருடைய உடை பாணியைக் காப்பியடித்தார்கள்! என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

எல்லோருக்கும் பிடித்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1912-இல் லண்டன் பேலஸ் தியேட்டரில் அரச குடும்பத்தின் முன் அவர் கால்சட்டையோடு வந்தபோது, ராணி மேரி நிகழ்ச்சித் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

முதல் உலகப் போரில் சிப்பாய் உடையில் பாடி, இளைஞர்களைப் படையில் சேரவைத்தார். இது எனக்கு நெருடல்தான். 1920-இல் ஓய்வு பெற்றார். இவரைப் போலவே புகழ்பெற்ற ஹெட்டி கிங், அப்புறமும் பல ஆண்டுகள் மாலுமி வேடத்தில் பாடிக்கொண்டிருந்தார்.