ஏழு மாதக் கர்ப்பிணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி, காஸ்ட்ரிக் குளிசை கொடுக்கலாமா?

குளிசை இருக்கட்டும். மனைவியை இன்றைக்கே கூட்டிப்போய் பிரஷர் பாருங்கள், சிறுநீரும் இரத்தமும் சோதிக்கச் சொல்லுங்கள். நான் டொக்டர் இல்லை. எனக்கும் அதே இடத்தில்தான் வலித்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கம். இரண்டாவது பிள்ளை, 33 கிழமை. அம்மா ஓமத்தண்ணீர் தந்தா. பக்கத்தில் மருந்து கொடுக்கிறவர் காஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார், பிரஷர் பார்க்கவில்லை. கால் வீக்கம் இல்லாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த நாள் இரவு சத்தி, தலையிடி, கண்ணுக்குள் மின்மினி பறந்தது. மருத்துவமாது அக்காவுக்கு போன் எடுத்தேன். "நிண்டு கதைக்காதை, இப்பவே வெளிக்கிடு" என்றா.

என் கணவரின் தமையனிடம் வான் நின்றது. ஐந்து தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. (மகனின் பிறந்தநாளுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து கேக் தின்பார். சரி, அதை விடுவோம்.) ஓட்டோவில் போனோம். வழியில் யானை நின்றதால் லைட்டை அணைத்துவிட்டுக் கால் மணித்தியாலம் காத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 170/110. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டும், எனக்கு 54,000. ஹெல்ப் சிண்ட்ரோம் (HELLP) என்றார்கள். பெயரைக் கேட்டு ஏதோ உதவித் திட்டமாக்கும் என்று நினைத்தேன். கர்ப்பத்தில் வரும் ஆபத்தான வருத்தம் அது: இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், ஈரல் பாதிக்கும், பிளேட்லெட் இறங்கும். ஈரல் வலது பக்கம் இருப்பதால்தான் அங்கே வலி. பிள்ளையை வெளியே எடுப்பதுதான் வைத்தியம். வலிப்பு வராமல் மக்னீசியம் ஏற்றினார்கள், உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்தது. பிள்ளையின் நுரையீரலுக்கென்று எனக்கு ஊசி போட்டார்கள். பிறகு சிசேரியன். மகன் 1 கிலோ 650 கிராம். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், சொல்வழி கேட்கமாட்டான்.

"சும்மா பயங்காட்டுகிறாள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எல்லா வலியும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்குக்கூட வராது. காஸ்ட்ரிக்காகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சோதித்துவிட்டுச் சொல்லட்டும். "அன்னாசி தின்றிருப்பாள்", "சிசேரியன்தானே, நோகாமல் பெத்தவள்" என்றவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

சிலருக்குப் பிரஷர் அவ்வளவு ஏறாமலும் இது வரும், பிள்ளை பிறந்த பிறகும் வரும். அதனால் பிரஷர் சரி என்று திருப்பி அனுப்பினாலும் இரத்தச் சோதனையைக் கேளுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள்.