அம்மாவின் பீரோவில் இரண்டு விரற்கடை சென்ட்

கேள்வி: எனக்கு 54 வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1979இல் போனஸ் வந்ததும் பர்மா பஜாரில் அம்மாவுக்கு ரெவ்லானின் ‘இண்டிமேட்’ சென்ட் வாங்கித் தந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் அம்மா அதை வெளியே எடுப்பாள். போன வருஷம் தவறிவிட்டாள். பீரோவை ஒழித்தபோது பாட்டில் கிடைத்தது, அடியில் இரண்டு விரற்கடை மிச்சம். ஆசையாகத் திறந்தால் நெயில்பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு நெடி. “எக்ஸ்பயரி ஆகி நாற்பது வருஷம் இருக்கும், தூக்கிப் போடும்மா” என்கிறாள் மகள். இப்போது கடைகளில் எனக்கு அது கிடைக்கவில்லை. ஆன்லைனில் பழைய பாட்டில் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: முதலில் அந்தப் பாட்டிலை மகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சென்ட் ஒன்றும் பால் பாக்கெட் இல்லை. அதில் பெரும்பங்கு ஆல்கஹால், ஊசிப்போகாது. ஆனால் அதற்கு வயசாகும். நீங்கள் முகர்ந்தது அந்த வயசைத்தான்.

சென்டின் மணம் ஒரேயடியாக வருவதில்லை. தெளித்தவுடன் மேலே கிளம்புவது எலுமிச்சை, நாரத்தை இனத்து எண்ணெய்கள். சீக்கிரம் பறக்கும், காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடவும் செய்யும். அடியில் இருக்கும் பாசி, கட்டை, பிசின் வகையறா கனமானவை. அவை பல பத்தாண்டுகள் தாங்கும். உங்கள் பாட்டிலில் பாதிக்கு மேல் காற்று. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காற்று மேல் அடுக்கைத் தின்றிருக்கிறது. மூக்கைப் பாட்டில் வாயில் வைத்தால் அந்தச் சிதைவுதான் முதலில் அடிக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். டிராயிங் நோட்டுக் காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, நுனியில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே முகராதீர்கள். மின்விசிறி இல்லாத அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். வீட்டில் தாளிப்பு நடக்கும் நேரம் மட்டும் வேண்டாம். திரும்பி வந்து முகர்ந்தால் அந்த நெடி பெரும்பாலும் போயிருக்கும். அடியில் இருப்பதுதான் உங்களுக்குத் தெரிந்த மணம்.

அது எப்படி இருக்கும்? ‘இண்டிமேட்’ 1955இல் வந்தது, ‘ஷீப்ர்’ என்ற வகையைச் சேர்ந்தது. சைப்ரஸ் தீவுக்கு பிரெஞ்சில் அந்தப் பெயர். 1917இல் பிரெஞ்சு சென்ட் தயாரிப்பாளர் பிரான்சுவா கோட்டி அதே பெயரில் ஒரு சென்ட் போட, பின்னால் அந்த ஜாதி முழுக்க அதன் பெயரிலேயே வழங்கலாயிற்று. அதன் முதுகெலும்பு ஓக் மரப்பட்டையில் படரும் ஒருவகைப் பாசி. நமக்குப் புரியும்படி சொன்னால் செட்டிநாட்டுச் சமையலில் போடுகிறோமே கல்பாசி, அதன் தூரத்து உறவு. இரண்டும் லைக்கன் இனம், அதாவது காளானும் பாசியும் ஒட்டி வாழும் உயிர். காய்ந்த கல்பாசி டப்பாவில் சும்மா கிடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, எண்ணெய் சூட்டில் விழுந்ததும்தான் வாயைத் திறக்கும். இந்த வகை சென்ட்டும் உடம்புச் சூட்டில்தான் பேசும். ஈர மண், மரப்பட்டை, கொஞ்சம் கசப்பு, அதற்கு மேல் ரோஜாவும் மல்லிகையும். இன்று மாலில் விற்கும் மிட்டாய் வாசனைகளைப் பழகிய மூக்குக்கு முதலில் ‘பழசு’ என்றுதான் தோன்றும். கோபப்படாதீர்கள், அது பழசுதான்.

இனி பதினெட்டாயிரம் விஷயம். என் ஓட்டு: வேண்டாம். அந்தப் பாட்டில் எத்தனை வருஷம் வெயில்படும் ஜன்னலில் நின்றதோ, உள்ளே இருப்பது அசல்தானோ, படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதே ரகத்தில் புதுசாக ஒன்று வாங்கினாலும் மணம் அப்படியே வராது. அந்த ஓக் பாசிச் சாற்றிலுள்ள இரண்டு பொருள்கள் தோல் ஒவ்வாமை தருவதாக அறிந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை ஆணை போட்டது. அதையொட்டிப் பல பழைய சென்ட்களின் சேர்மானத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வேறு. என் அப்பா பூசிய ஒரு கொலோனைப் பல வருஷம் தேடி ஒருவழியாக வாங்கினேன். பாட்டிலில் சரியாக இருந்தது. கையில் தடவினேன், அதே மணம். அப்பா மட்டும் வரவில்லை. என்ன குறைகிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: கஞ்சி போட்ட வேட்டி, வெற்றிலை, பன்னீர்ப் புகையிலை. நான் தேடியது கொலோனை இல்லை, ஒரு கூட்டு மணத்தை.

உங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பிய மாலையை நினைத்துப் பாருங்கள். பட்டுப்புடவையில் பீரோவின் அந்துருண்டை வாசனை. தலையில் மல்லிப்பூ. கழுத்தில் பவுடர், உடம்பில் சோப்பு, சென்னைப் புழுக்கத்தில் ஒரு துளி வியர்வை. இவற்றுக்கு நடுவில் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்த ‘இண்டிமேட்’. சேர்மானத்தில் பாதி இன்றும் மாட வீதியில் முழம் கணக்கில் கிடைக்கிறது. மீதிப் பாதி உங்கள் பீரோவில் இருக்கிறது. பதினெட்டாயிரம் எதற்கு?

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி, மண்ணடி அத்தர் கடைகளுக்குப் போய் இதே மாதிரி செய்து தரச் சொல்லலாமா என்று தோன்றும். போங்கள், ஒரு சாயங்காலம் நன்றாகப் போகும். ஆனால் நகல் கேட்காதீர்கள். பாட்டிலை முகரக் கொடுத்து, இதற்குப் பக்கத்தில் என்ன நிற்கும் என்று கேளுங்கள்.

மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் வழி. சூடு, வெளிச்சம், காற்று, மூன்றும் எதிரிகள். பிரான்ஸில் வெர்சாய் நகரத்தில் 1990இல் தொடங்கிய ‘ஒஸ்மோதெக்’ என்ற மணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய சென்ட்களை 12 டிகிரி குளிரில், காற்றுப் படாதபடி ஆர்கான் வாயு போர்த்தி வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினால், உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. கழுவியது என்றால் ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். துணியில் சுற்றி பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டவே வேண்டாம், கத்திரி வெயிலில் அது அடுப்பு. குளியலறை அலமாரியும் கூடாது.

பூசிக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. பழைய வாசனை எண்ணெய்கள் காற்றுப்பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் கைக்குட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டில் நேராகப் படவேண்டாம், கறுத்த சென்ட் கறை விடும்.

தீர்ந்துவிடுமே என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. தீரத்தான் செய்யும். விசேஷத்துக்கு மட்டும் என்று அம்மா சேர்த்து வைத்ததில் மேல் அடுக்கு போய்விட்டது, பார்த்தீர்களே. பெரிய பாட்டில் காலியானதும் கழுவிவிடாதீர்கள். மூடியைத் திறந்து புடவை அடுக்குக்கு நடுவில் வையுங்கள், ரொம்ப நாள் மணக்கும்.

அப்புறம் அந்தக் காகிதத் துண்டை மகளிடமும் கொடுங்கள். ஆனால் இருபதாவது நிமிடத்தில் கொடுங்கள். முதல் நிமிடத்தில் கொடுத்தால் குப்பைக்கூடை ஜெயித்துவிடும்.