நியாயத்தீர்ப்புக்கு ஆயத்தமாயிருப்பது என்றால் என்ன?

கடைசி நாளில் அவரவர் செய்தவற்றுக்குக் கணக்கு ஒப்புவிக்க, கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் எல்லோரும் நிற்பார்கள் (2 கொரிந்தியர் 5:10) என்பதை மனதில் வைத்து இன்றைய வாழ்க்கையைச் சீர்ப்படுத்துவதே ஆயத்தம். அந்த நாளை ஒருவரும் அறியார் (மத்தேயு 24:36); ஆகவே கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட முடியாது. அன்றன்றே கணக்கு எழுதுபவருக்குத் தணிக்கையாளர் எப்போது வந்தாலும் பதற்றமில்லை, அதுபோலத்தான்.

தொடக்கம் மனந்திரும்புதல்: பாவத்தை அறிக்கையிடுவது, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது, மனத்தாங்கல் உள்ளவரோடு காணிக்கைக்கு முன்பே ஒப்புரவாவது (மத்தேயு 5:23-24). பலர் அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். கையிலுள்ளதைத் திருப்பும்போதுதான் தயக்கம் வருகிறது. வரி வசூலிப்பவனாயிருந்த சகேயுவோ, அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்கு தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). பசித்தவர், நோயாளி, சிறையிலிருப்பவர் ஆகியோரைக் கவனிப்பதும் இதில் சேரும் (மத்தேயு 25:35-36).

நற்கிரியைகளால் இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து மீட்பை, சம்பாதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எபேசியர் 2:8-10-இன்படி இரட்சிப்பு கிருபையின் (தேவன் இலவசமாய்க் காட்டும் தயவின்) ஈவு, நற்கிரியைகள் அதன் விளைவு.