அப்பாவின் நெஞ்சுவலியை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வது?

"யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா, பலெர்மோவில் எங்களோடு சில மாதம் இருக்கப் போகிறார். ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர். எனக்கு வேலைக்கும் கடைக்கும் போதுமான இத்தாலிய மொழிதான் தெரியும். அவசரம் என்றால் என்ன சொல்வது?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

முதலில் இதைப் பழகுங்கள்: 'மியோ பாத்ரே எ கார்தியோபாத்திகோ'. என் அப்பா இதய நோயாளி என்று அர்த்தம். 'பா'வை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றி என்றால் 'மியா மாத்ரே எ கார்தியோபாத்திகா'. ஹார்ட் அட்டாக்குக்கு அங்கே 'இன்ஃபார்த்தோ'. ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதை 'ஆ அவுத்தோ உன் இன்ஃபார்த்தோ' என்று சொல்லலாம். ஸ்டென்ட், ஸ்டென்ட்தான். ஆஞ்சியோகிராம் மட்டும் 'கொரோனாரோக்ரஃபீயா'.

இரண்டு சொற்களில் கவனமாக இருங்கள். நெஞ்சுவலியைச் சொல்லும் 'அஞ்ஜினா' என்ற சொல் இத்தாலியில் தொண்டை அழற்சிக்கும் உண்டு. அதனால் 'அஞ்ஜினா பெக்தோரிஸ்' என்று முழுதாகவே சொல்லுங்கள். மற்றது ஹார்ட் ஃபெயிலியர். அதைக் கேட்டாலே இதயம் நின்றுவிட்டது என்று நம்மவர்கள் பதறிப்போகிறார்கள். இத்தாலிய மருத்துவர் அதை 'ஸ்கொம்பென்ஸோ கார்தியாகோ' என்பார். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். இதயம் நின்றுபோவது 'அர்ரெஸ்தோ கார்தியாகோ'. பதற்றத்தில் ஒன்றுக்கு மற்றதைச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, வலி வந்துவிட்டது. யாராவது கார் கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். 'ஆ உன் பெஸோ சுல் பெத்தோ' என்றால் நெஞ்சில் பாரமாக இருக்கிறது. 'ல்யி மாங்கா இல் ஃபியாத்தோ' என்றால் மூச்சு முட்டுகிறது. நெஞ்சில் பாரம் வைத்தது போல என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள், அதனால் இது எளிதில் மனதில் நிற்கும். வீட்டு முகவரியையும் இத்தாலிய மொழியில் தடுமாறாமல் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்துகள். யாழ்ப்பாணத்தில் வாங்கிய மாத்திரையின் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை அளவோடு ஒரு தாளில் எழுதுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் அங்கே 'அத்தோர்வஸ்தத்தீனா', பிஸோப்ரோலோல் 'பிஸோப்ரோலோலோ'. கடைசி எழுத்துதான் மாறுகிறது, பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். ஸ்டென்ட் வைத்த தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தாள் உங்கள் கைப்பையில் இருந்தால் போதாது, அப்பாவின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் வலி வரலாம்.